பிணத்துக்குக் காது கேட்கும்

மூச்சு விடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, விடுவது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான், அதையும் டைரக்டர் சொல்லவில்லை, கோ-டைரக்டர் முத்துக்காளைதான் சொன்னார். டைரக்டர் என்னிடம் நேராகப் பேசியது ஒரே ஒரு முறை, வளசரவாக்கம் ஆபீஸில், என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹீரோவோட அண்ணன் கேரக்டர். இன்டர்வெல்ல செத்துடுவீங்க. ஆனா ஃப்ளாஷ்பேக் இருக்கு, அந்த சீன் பூரா நீங்கதான் பேசுறீங்க" என்றார். சீன் பூரா. அந்த இரண்டு வார்த்தையை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டேதான் அன்றைக்கு வீடு வரைக்கும் நடந்தேன். இப்போது வாயைக் கட்டியிருக்கிறார்கள். தாடைக்கு அடியில் வெள்ளைத் துணி கொடுத்து உச்சந்தலையில் முடிச்சு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு, நெஞ்சில் ரோஜா மாலை, அதன்மேல் சம்பங்கி மாலை, அதன்மேல் இன்னொன்று. சாலிகிராமத்தில் ஷூட்டிங்குக்கு வாடகை விடும் வீட்டின் நடுக்கூடத்தில் காலையிலிருந்து செத்துக்கிடக்கிறேன். முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் படுக்க வைத்தார்கள், மூச்சு ஆவியாகக் கண்ணாடியில் படிந்துவிட்டது, கேமராமேன் "பொணத்துக்கு வேர்க்குதுய்யா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், பெட்டியை எடுத்துவிட்டு மரப்பெஞ்சுக்கு மாற்றினார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவன் என்று ஊரில் சிலரைச் சொல்வார்கள், எங்கே போனாலும் தான்தான் நடுவில் இருக்க வேண்டும் என்று அலைகிறவர்களை. என்னைப் பற்றி அப்படி எவனும் சொன்னதில்லை. ஆனாலும் பாருங்கள், நடுவில்தான் கிடக்கிறேன், இத்தனை விளக்கும் என் மேல்தான் எரிகிறது.

ஜெபசீலிக்கு இதைச் சொல்லவில்லை. ஃப்ளாஷ்பேக்கை மட்டும்தான் சொன்னேன். மதியம் டைரக்டரிடம் தேதி கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் தி. நகரில் ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறாள், நிற்கிறாள் என்றால் நிற்கத்தான், ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம், ராத்திரி வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு "ஃப்ளாஷ்பேக்ல என்ன பேசுவிய, சொல்லிக் காட்டுங்க" என்பாள். "அண்ணன் இருக்கேன்டா. நீ படி. உப்பளத்துல நிக்கிறதுக்கு நான் ஒருத்தன் போதும்." அங்கேதான் தொடங்குகிறது. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பளத்தைப் பற்றிப் பேச யாரும் சொல்லித்தர வேண்டுமா? இந்தப் படத்தில் பேசாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குமுன் ஊருக்குப் போய்விடுவது என்று பேச்சு. அவளுடைய அண்ணன் ஐஸ் கம்பெனியில் எனக்கு ஒரு வேலையைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஐஸ் கம்பெனிக்குப் போனால் நான் செத்துவிடுவேன் என்று ஒரு நாள் கத்தினேன், ஜெபசீலி காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சாவைப் பற்றி நான் எவ்வளவு சுலபமாகப் பேசியிருக்கிறேன். கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. இடது பாதத்தில் ஒரு ஈ.

அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கக் கூடாது. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் குவியலிலிருந்து எடுத்தது, அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை, எழுதியவர் யார், கதைக்குப் பெயர் என்ன, ஒன்றும் தெரியாது. ஆனால் கதை முழுக்கப் பெயர் வாங்குவதைப் பற்றித்தான். நாகலிங்கம் என்று ஒருவன், நாடகக் கொட்டகையில் வேஷம் கட்டியவன், மதராஸுக்கு வருகிறான், அலைகிறான், பட்டினி கிடக்கிறான், பிறகு ஒரே படத்தில் மேலே போய்விடுகிறான், போனபின் நடப்பதுதான் பாதிப் புத்தகம். அலைகிற பாதியைப் படிக்கும்போதே எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சிரிப்பார்கள் என்று நாகலிங்கம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் வசனம் பேசிப் பார்க்கிறான். நான் அதைப் படித்தது குளித்துவிட்டு ஈரத்தலையோடு, உப்பளத்து வசனத்தைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசி முடித்த கையோடு. யாரய்யா அது உள்ளே வந்து பார்த்தது? நாகலிங்கத்தின் மனைவிக்கும் கால் வலி. நாகலிங்கத்துக்கும் வலது காதுக்குக் கீழே மச்சம். மச்சம் யாருக்குத்தான் இல்லை, ஊரில் பாதிப்பேருக்கு இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொண்டே கையைக் கொண்டுபோய் மச்சத்தைத் தடவினேன். பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னை எவனோ ஏற்கனவே எழுதி முடித்துப் பழைய விலைக்குப் போட்டுவிட்டான் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், நான் படிப்பதால்தான் நடக்கிறதோ, படிக்காமல் விட்டால் நின்றுவிடுமோ என்பது. ஆனாலும் காலையில் பஸ்ஸில் படித்தேன். நாகலிங்கம் இப்போது பெரிய ஆள், வெளியூரில் ஏதோ விழா முடிந்து காரில் வருகிறான், பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்கிறான், தூங்கவில்லை. முன்னால் டிரைவரும் செக்ரட்டரியும். இவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து செக்ரட்டரி சொல்கிறான்: "இவருக்கு நடிப்பு எங்கய்யா வருது? மூஞ்சி இருக்கு. அது இருக்கிற மட்டும் ஓடும்." அந்த வரியில் வடபழனி ஸ்டாப் வந்துவிட்டது. மூடிப் பைக்குள் வைத்தேன். நாகலிங்கம் கண்ணைத் திறந்தானா, அவன் சட்டையைப் பிடித்தானா, காரை நிறுத்தச் சொல்லி இறங்கினானா, ஒன்றும் தெரியாது. பை மாடியில் இருக்கிறது, நான் இங்கே கிடக்கிறேன்.

லைட்டிங் மாற்றுகிறார்கள். மற்றவர்கள் எல்லாம் எழுந்துபோய் நிழலில் டீ குடிக்கிறார்கள், நான் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் மாலை கலையும், மாலை கலைந்தால் கண்டினியூட்டி போய்விடும், அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் இருந்த ரோஜா வலப்பக்கம் போயிருக்கும். அதனால் ஷாட்டிலும் பிணம், ஷாட் இல்லாதபோதும் பிணம். முதலில் என்னைத் தாண்டிப் போகிறவர்கள் "சார், பாத்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு "பாத்து" மட்டும். இப்போது அதுவும் இல்லை, என் வயிற்றுக்கு மேலே ஒயரை இழுத்துப் போட்டுக்கொண்டு போகிறான் ஒருவன். என் அம்மாவாக நடிக்கும் நீலாவதியம்மா மட்டும் டீக்குப் போகுமுன் குனிந்து, "தம்பி, பாத்ரூம் வந்தா விரலை ஆட்டுங்க, நான் சொல்றேன்" என்றார். நல்லவர். என் வயதுக்கு அவர் எனக்கு அக்காதான், அம்மா ஆக்கிவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் தெருவோடு போன பூக்காரம்மா ஒருத்தி பந்தலைப் பார்த்துவிட்டு நிஜச் சாவென்று உள்ளேயே வந்துவிட்டாள். நான் இமையிடுக்கால் பார்த்தேன், கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்து காலடியில் நின்று, "ஐயோ, சின்ன வயசாச்சே, பெத்தவ எப்படித் தாங்குவா" என்று நிஜமாகவே கண் கலங்கினாள். எனக்காக ஒருத்தி அழுதாள். புரொடக்‌ஷன் ஆள் ஓடிவந்து, "யக்கா, ஷூட்டிங்கு, ஷூட்டிங்கு" என்றான். "சினிமாவா? யாரு ஹீரோ?" என்று கேட்டுக்கொண்டே கூடையைத் தூக்கினாள். ஹீரோ பெயரைச் சொன்னான். "எங்க, வந்திருக்காரா?" என்று வீடு முழுக்கத் தேடினாள், செத்தவன் யார் என்று கேட்கவில்லை.

மூக்குப் பஞ்சையும் தாண்டிப் பீடி வாசனை. முத்துக்காளை. கூடவே சென்ட் வாசனை, அது டைரக்டர். இரண்டு பேரும் தலைமாட்டுக்கு வந்து நிற்கிறார்கள், மானிட்டரை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். டைரக்டர் நல்ல வார்த்தை சொல்வார் என்று மனம் ஒரு குதி குதித்தது, பாருங்கள், வெட்கமில்லாத மனம். "ஹீரோ டேட் இன்னும் ரெண்டு நாள்தான் சார், அதுல சாங் பேட்ச்சு, விட்டுப்போன ஷாட்டெல்லாம் வேற இருக்கு" என்றார் முத்துக்காளை. "அப்ப அந்த உப்பளம் சீன்?" "எதுக்கு சார் அது? தூக்கிடலாம். செவுத்துல ஒரு போட்டோ, மாலை, ஹீரோ அதைப் பாத்து கண்ணு கலங்குறாரு. முடிஞ்சிச்சு." எங்கே, சொல்லுங்கள் சார், அந்த சீன் வேண்டும் என்று சொல்லுங்கள். "அதுவும் சரிதான்" என்றார் டைரக்டர், "அந்த ஆளு மூஞ்சி பொணத்துக்கு அப்படி செட் ஆகுது. பேச விட்டா என்ன ஆகுமோ." முத்துக்காளை சிரித்தார். "அவருக்கு எப்ப சார் சொல்றது?" "இப்ப வேணாம். கண்டினியூட்டி முடியட்டும்." சுவருக்குக் காது உண்டு என்று பயந்து பேசுகிற ஜனம் பிணத்துக்குக் காது உண்டு என்று நினைக்கவே இல்லை. என் தலைக்கு ஒரு சாண் மேலே நின்று பேசினார்கள். மூஞ்சி. நாகலிங்கத்துக்கும் மூஞ்சிதான், எனக்கும் மூஞ்சிதான். மேலே போனவனுக்கும் அதே வார்த்தை, போகாதவனுக்கும் அதே வார்த்தை என்றால் நடுவில் இத்தனை வருஷம் எதற்கு அலைந்தேன்? எழுந்து உட்கார வேண்டும். முடிச்சை அவிழ்த்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உப்பளத்து வசனத்தை இங்கேயே, இந்தக் கூடத்திலேயே, இவர்கள் முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். பேசுவேன், எனக்குப் பேசத் தெரியும், ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் சார். எழுந்தால் மாலை கலையும். கண்டினியூட்டி போகும். எழவில்லை. இவ்வளவு கேட்டபிறகும் மாலை கலையுமே என்று கவலைப்பட்ட என்னை என்னவென்று சொல்வது? நாகலிங்கம் என்ன செய்தான், அடுத்த பக்கத்தில் என்ன செய்தான், அது மட்டும் தெரிந்தால் நானும் அதைச் செய்துவிடுவேன்.

"ரோலிங்." நீலாவதியம்மா வந்து நெஞ்சில் விழுந்தார். மாலையைக் கசக்காமல் விழ அவருக்குத் தெரியும். "என் ராசா, உப்புத் தண்ணியில நின்னு நின்னு உன் காலு வெடிச்சுப் போச்சே, ஒரு நாளு உக்காந்து சோறு திங்கலியே, உன்ன ஒரு வார்த்தை பேசவிடாமக் கொண்டுபோயிட்டானே" என்று இழுத்தார். அது வசனத்தில் இல்லை, அவராகச் சேர்த்தது. ஒரு வார்த்தை பேசவிடாமல். எனக்குள் எங்கேயோ ஒரு நரம்பு அறுந்த மாதிரி இருந்தது. ஜெபசீலியின் கால்கள், வெந்நீருக்குள் வீங்கிய கணுக்கால்கள், "சொல்லிக் காட்டுங்க" என்ற குரல், எல்லாம் ஒன்றாக வந்து கண்ணுக்குப் பின்னால் நின்றது. இமையை இறுக்கினேன். இறுக்கினால் தெரியும். தளர்த்தினேன். தளர்த்தியதும் இடது கண்ணின் ஓரத்திலிருந்து இறங்கிவிட்டது, சூடாக, காதுக்குள் போய் நின்றது. "கட்! கட்! பொணம் அழுவுதுய்யா!" கூடமே வெடித்துச் சிரித்தது. மேக்கப்மேன் டிஷ்யூவோடு ஓடிவந்தார். "கிளிசரின் அழுவுறவங்களுக்குத்தான குடுத்தேன், உங்களுக்கு யாரு சார் குடுத்தா?" நிஜமாகவே கேட்டார், பாவம், கணக்கில் உதைக்கிறது அவருக்கு. நான் எங்கே சொல்வது? வாயைக் கட்டியிருக்கிறதே. நீலாவதியம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவர் கை என் நெஞ்சிலேயே இருந்தது, அந்தக் கைக்கு அடியில் என் நெஞ்சு தறிகெட்டு ஓடியது அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் ஒரு காலத்தில் யாராவது ஃப்ளாஷ்பேக் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை நான் முழுதாகச் செத்தேன். எதையும் நினைக்கவில்லை, ஐஸ் கட்டியை மட்டும் நினைத்துக்கொண்டேன், நீளநீளமாக, மரத்தூளுக்கு அடியில். ஓகே என்றார்கள். கைதட்டினார்கள்.

எழுந்து உட்கார்ந்ததும் தலை சுற்றியது. தாடைக்கட்டை அவிழ்த்தார்கள், கால்விரல் கட்டை அவிழ்த்தார்கள், பஞ்சை எடுத்தார்கள். இறங்கப்போனேன், முத்துக்காளை தோளைப் பிடித்து அழுத்தி, "சார், அப்படியே போகக் கூடாது. பொணமா நடிச்சவர் கேமராவைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுத்தான் எறங்கணும். இல்லன்னா ஆவாது" என்றார். சினிமாவில் அது ஒரு ஐதீகம், செத்த முகத்தோடு ஃபிலிம் முடியக் கூடாது, சிரித்துக் கழிக்க வேண்டும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் செய்வார்கள். கேமரா என் பக்கம் திரும்பியது. சிரிப்பு வரவில்லை. உதட்டை இழுத்தேன், துணி கட்டியிருந்த தாடை ஒத்துழைக்கவில்லை. "சிரிங்க சார்." "நல்லா சிரிங்க." "அப்பத்தான் தோஷம் போவும்." எல்லோரும் காத்திருந்தார்கள், சாப்பாட்டு நேரம் வேறு. அப்போது டைரக்டரே வந்தார். என் கன்னத்தில் தட்டினார். "என்னங்க, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? அடுத்த வாரம் உப்பளம் போறோம், ஃப்ளாஷ்பேக் எடுக்கிறோம், அதுல பின்னப் போறீங்க. அப்புறம் என்ன? சிரிங்க!" அன்பாகத்தான் சொன்னார். அந்த நிமிஷத்துக்கு அவரே அதை நம்பினார் என்றுகூடத் தோன்றியது. அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் சிரித்தேன். உதட்டில் தொடங்கி, கண்ணுக்கு ஏறி, கொஞ்சம் வெட்கப்பட்டு, தலையைக் குனிந்து நிமிர்ந்து, "தேங்க்ஸ் சார், விடமாட்டேன் சார்" என்றேன். நம்புகிறவன் எப்படிச் சிரிப்பானோ அப்படி. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. டைரக்டர் முத்துக்காளையைத் திரும்பிப் பார்த்தார், அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தேகம், இந்த ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமோ என்பது மாதிரி, ஓர் இமைப்பு நேரம். பிறகு "லஞ்ச் பிரேக்" என்றார். என் வாழ்க்கையில் நான் நடித்த முதல் காட்சி அதுதான். கேமரா அசிஸ்டென்ட்டிடம் ரெக்கார்ட் ஆனதா என்று கேட்டேன். "இதையெல்லாம் வச்சிக்க மாட்டோம் சார், அப்பவே அழிச்சிடுவோம்" என்றான்.

மாடியில், மேக்கப்பைக்கூடக் கலைக்காமல், பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். நாகலிங்கம் ஓர் அறை விட்டிருக்க வேண்டும், காரை நிறுத்தியிருக்க வேண்டும், ஆண்டவரே, ஏதாவது செய்திருக்க வேண்டும். ஊர் எல்லை வந்ததும் நாகலிங்கம் சோம்பல் முறித்து ஒரு கொட்டாவி விட்டான் என்று எழுதியிருந்தது. 'அசந்து தூங்கிப்போயிட்டேன்யா, எங்கே வந்திருக்கோம்?' என்று கேட்டான். அவ்வளவுதான். அந்த அத்தியாயம் அதோடு முடிந்துவிட்டது. அந்தக் கொட்டாவி கீழே கூடத்தில் இப்போதுதான் ஒரு சிரிப்பாக என் முகத்தில் நடந்து முடிந்திருந்தது. நான் அவனைப் பார்த்துச் செய்யவில்லை, படிக்குமுன்பே செய்துவிட்டேன், அதுதான் என்னை உலுக்கியது. போனில் ஜெபசீலியின் மிஸ்டு கால்கள் வரிசையாக, எல்லாம் அவளுடைய சாப்பாட்டு இடைவேளை நேரத்தில். கடைக்குள் போன் பேசக் கூடாது, பின்பக்கப் படிக்கட்டில் நின்றுதான் பேசுவாள். கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தாள். "ஏங்க, இப்பம் பெல் அடிச்சிருவாவ, சீக்கிரம் சொல்லுங்க. டைரக்டர் என்ன சொன்னாவ?" சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "அடுத்த வாரம் எடுத்திருவாவளாம்" என்றேன், "டைரக்டரே கூப்பிட்டுக் கன்னத்துல தட்டிச் சொன்னாரு." குரல் பிசிறவில்லை. அந்தப் பக்கம் படிக்கட்டில் யாரோ ஏறிப்போகிற சத்தம் கேட்டது. "அப்படியா?" என்றாள். "ரொம்ப சந்தோஷம்ங்க. அண்ணன்ட்ட இப்பம் வர முடியாதுன்னு சொல்லிருதேன்." உதட்டில் தொடங்கி, கொஞ்சம் வெட்கப்பட்டு, எங்கே எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு ஏறி, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது அந்தக் குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம்புகிறவள் எப்படிப் பேசுவாளோ அப்படி. போன படத்துக்கும் இதே குரல், அதற்கு முந்தியதற்கும் இதே குரல், ஒவ்வொரு அடுத்த வாரத்துக்கும் இதே குரல்தான், நான்தான் அது சந்தோஷம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவள் கண்ணீர் விட்டு ஷாட்டைக் கெடுத்ததில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றேன். "நானுந்தான்" என்றாள்.